நடு இரவில்: ஒரு திகில் படத்தை மலைமேல் தேடிக் காப்பது

இந்த அத்தியாயம் ஒரே ஒரு படத்தைச் சுற்றியது. வீணை எஸ். பாலசந்தர் தயாரித்து, இயக்கி, இசையமைத்து, முக்கிய வேடம் ஒன்றிலும் நடித்த 'நடு இரவில்'. 1970இல் வெளியான கறுப்பு வெள்ளைப் படம். பழைய தமிழ்ப் படங்களைச் சேகரிக்கிறவர்களிடம் திகில் படம் என்று பேச்செடுத்தால் 'யார் நீ', 'அதே கண்கள்' என்று தொடங்கி, வெகுநேரம் கழித்துத்தான் இந்தப் பெயருக்கு வருவார்கள். வந்துவிட்டால் பேச்சு அதைவிட்டு நகராது.

ஒரு படத்துக்கு முழு அத்தியாயமா என்று நீங்கள் கேட்கலாம். சேகரிப்பவருக்குத் தெரிந்திருக்கவேண்டியது எல்லாம் இந்த ஒரு படத்தைத் தேடும்போதே கைக்கு வந்துவிடும். அதிகம் ஓடாத படம் என்பதால் அதைப் பற்றிய தாள்கள் குறைவு. குறைவாக இருப்பதால் போலிகளும் மறுபதிப்புகளும் கலந்துவரும். திகில் படம் என்பதால் ஒலியும் இருட்டும் கெட்டுப்போனால் படமே போய்விடும். குடும்பப் படத்தில் ஒலி கொஞ்சம் கரகரத்தால் கதை புரிந்துவிடும், அழுகையும் வந்துவிடும். திகில் படத்தில் கதவு திறக்கும் சத்தம் இரைச்சலில் மூழ்கிவிட்டால் அந்தக் காட்சியில் வேறெதுவும் மிஞ்சாது. அதனால் திகில் படம் சேகரிப்பவர் டிஸ்க் ஒன்று கிடைத்ததோடு வேலை முடிந்தது என்று இருக்கக்கூடாது. பயத்தை உண்டாக்கிய ஒலி, நிழல், அந்தக் காலத்துத் தாள், பார்த்தவர்களின் நினைவு எல்லாவற்றையும் சேர்த்துக் காப்பதுதான் இந்த வேலை.

படம்

அகதா கிறிஸ்டி 1939இல் எழுதிய ஒரு நாவலில், முன்பின் தெரியாத பத்துப் பேர் ஒரு தீவுக்கு அழைக்கப்பட்டு ஒவ்வொருவராகச் சாகிறார்கள். ஹாலிவுட்டில் ரெனே கிளேர் 1945இல் அதைப் படமாக்கினார். இந்தியில் 1965இல் 'கும்நாம்' வண்ணத்தில், பாட்டும் நடனமுமாக வந்து பெரிய வெற்றி பெற்றது. பாலசந்தரும் அதே விதையைத்தான் எடுத்தார். ஆனால் அவர் செய்த ஒரு மாற்றம் கதையின் குணத்தையே திருப்பிவிட்டது. தீவு வீட்டில் கூடுகிறவர்கள் இங்கே அந்நியர்கள் கிடையாது, சொந்தக்காரர்கள். வீட்டின் தலைவர் மேஜர் சுந்தரராஜன். மனம் பேதலித்த மனைவியாகப் பண்டரிபாய். டாக்டராகப் பாலசந்தர். சௌகார் ஜானகியும் சோவும் இருக்கிறார்கள்.

அந்நியர் நடுவே பயப்படுவது எளிது. கூடப் பிறந்தவர்களோடும் அவர்கள் பிள்ளைகளோடும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, 'இவர்களில் யார்?' என்று நினைப்பது வேறு பயம். சொத்து இருக்கிற எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் அந்தக் கூடம் தெரியும். கருமாதி வீட்டில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேசும் அந்த அரைமணி நேரத்தைப் படம் முழுக்க நீட்டிவைத்திருக்கிறார் பாலசந்தர். பேய் வருகிறதா, யார் கொலையாளி என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. இந்தப் படத்தை முதல்முறை பார்ப்பது வாழ்க்கையில் ஒருமுறைதான் நடக்கும். அதை உங்களிடமிருந்து பறிக்க எனக்கு உரிமை இல்லை. நீங்களும் அடுத்தவரிடம் சொல்லாதீர்கள். கதைச் சுருக்கத்தை 'மீதி வெள்ளித்திரையில்' என்று முடித்த பழைய பாட்டுப் புத்தகங்களின் நாகரிகம் நமக்கும் வேண்டும்.

பாலசந்தரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் தேடுவது எளிதாகும். 1927இல் மயிலாப்பூரில் பிறந்தவர். சிறு பையனாக 'சீதா கல்யாணம்' படத்தில் தோன்றினார். அண்ணன் எஸ். ராஜமும் அதில் நடித்திருந்தார். இந்த ராஜம்தான் பின்னாளில் கர்நாடக இசை மும்மூர்த்திகளை ஓவியமாக வரைந்து புகழ்பெற்றவர். 1948இல் 'இது நிஜமா' படத்தில் பாலசந்தர் இரட்டை வேடம் போட்டார். 1951இல் 'கைதி'யை இயக்கினார். 1954இல் ஏவி.எம்.முக்காக 'அந்த நாள்'. பாட்டே இல்லாத தமிழ்ப் படம், சிவாஜி கணேசன் துரோகியாக நடித்த படம், ஒரு கொலையை ஒவ்வொருவர் வாய்வழியாகவும் திரும்பத் திரும்பக் காட்டிய படம். பிறகு 1962இல் 'அவனா இவன்', 1964இல் 'பொம்மை', கடைசியாக 'நடு இரவில்'. அத்தோடு சினிமாவை விட்டு முழுக்க வீணைக்குத் திரும்பினார். 1982இல் பத்மபூஷண். 1990இல் கச்சேரிக்காகப் போயிருந்த பிலாயில் காலமானார்.

இந்த வரிசையைப் பாருங்கள். தமிழில் சந்தேகம் என்ற ஒரே உணர்ச்சியை இத்தனை ஆண்டுகள் விடாமல் துரத்திய இன்னொரு இயக்குநர் எனக்குத் தெரிந்து இல்லை. 'நடு இரவில்' அந்தத் துரத்தலின் கடைசிப் படி. முடித்த படம் வாங்க ஆளில்லாமல் சில ஆண்டுகள் பெட்டியில் கிடந்தது. பெரிய நட்சத்திரம் இல்லை, பாட்டுக்கு இடம் மிகக் குறைவு, காதல் இல்லை. விநியோகஸ்தர் எதைப் பார்த்து முன்பணம் கொடுப்பார்? சேகரிப்பவர்கள் இதை விரும்புவதற்கு முதல் காரணமே இங்கே இருக்கிறது. சந்தைக்காக எதையும் சேர்க்காமல் ஒரு மனிதர் தான் நினைத்ததை அப்படியே எடுத்து முடித்த படம் இது. தயாரிப்பு, இயக்கம், இசை, நடிப்பு எல்லாவற்றிலும் ஒரே ஆளின் கைரேகை.

இரண்டாவது காரணம், இது இரண்டு வகைச் சேகரிப்பாளர்களை ஒரே மேசைக்குக் கொண்டுவருகிறது. வீணை இசைத்தட்டு சேகரிப்பவர் பாலசந்தரின் எல்.பி.களைத் தேடிவருவார். அவரிடம் படத்தாள் ஏதாவது இருக்கும், அதன் அருமை அவருக்குத் தெரிந்திருக்காது. உங்களிடம் வீணைத் தட்டு ஒன்று இருந்தால் பண்டமாற்று நடக்கும். பணம் கொடுத்து வாங்குவதைவிட இந்த வழியில்தான் நல்லவை கைக்கு வரும்.

மலை

இந்த நூலில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஓர் ஊர் உண்டு. திகில் படத்துக்குக் கொல்லிமலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பாவை.

சங்கப் பாடல்களில் கொல்லிப்பாவை திரும்பத் திரும்ப வருகிறாள். வல்வில் ஓரி ஆண்ட இந்த மலையின் மேற்குப் பக்கத்தில் தெய்வம் ஒன்று செய்துவைத்த பாவை அவள். கபிலர் குறுந்தொகையில் அவளைச் சொல்கிறார். பரணர் நற்றிணையில், காற்றடித்தாலும் மழை பெய்தாலும் இடி இடித்தாலும் அவள் உருக் குலைவதில்லை என்கிறார். காதலியின் அழகுக்கு உவமையாகத்தான் புலவர்கள் அவளை அழைத்தார்கள். மக்கள் வாய்மொழியில் அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மலைக்குள் வரும் அசுரரைப் பார்த்துச் சிரிப்பாள், சிரிப்பில் மயங்கி அருகே வந்தவன் உயிரோடு திரும்பமாட்டான். இன்று எட்டுக்கை அம்மன் கோயிலில் இருப்பவளே அவள் என்று கும்பிடுகிறார்கள்.

ரத்தமோ கோரைப்பல்லோ இல்லாமல் ஓர் அசையாத முகத்தையும் ஒரு சிரிப்பையும் வைத்தே அச்சத்தை உண்டாக்குவது எப்படி என்று ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த மலை யோசித்திருக்கிறது. 'நடு இரவில்' படத்தில் பண்டரிபாயின் முகம் செய்வதும் இதையே. நல்ல அம்மாவாக நூறு படங்களில் பார்த்துப் பழகிய அதே முகம்தான், அதை நம்பலாமா வேண்டாமா என்று படம் முழுக்க நமக்குத் தெரியாது. கொல்லிமலைக்கு வந்து எட்டுக்கை அம்மனைப் பார்த்துவிட்டு, அன்றிரவு இந்தப் படத்தைப் பார்க்கும்படி நான் சேகரிப்பாளர்களிடம் சொல்வதுண்டு. தமிழில் மனத்திகில் வெளிநாட்டிலிருந்து இறங்கிய சரக்கு என்று நினைப்பவர்கள் கட்டாயம் அப்படிச் செய்யவேண்டும்.

மலைக்கு வரும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாமக்கல்லிலிருந்தோ சேலத்திலிருந்தோ பஸ் உண்டு. காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சோளக்காடு, செம்மேடு என்று மேலே ஊர்கள். அறப்பளீஸ்வரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் பக்கத்துப் பக்கத்தில். பெரும்பகுதி ஆயிரம் முதல் ஆயிரத்து முந்நூறு மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவு குளிரும். தலைசுற்றல் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் ஏறவேண்டாம்.

தேடுதல்

மலைமேல் சினிமாத் தாள்கள் அதிகம் கிடைக்காது. கீழேதான் தேடவேண்டும். ஆனால் எங்கே என்று தெரிந்து தேடவேண்டும். தமிழ்ப் பட வியாபாரம் மாவட்டக் கணக்கில் நடப்பதில்லை, ஏரியாக் கணக்கில் நடக்கிறது. சென்னை, கோவை, மதுரை-ராமநாதபுரம், திருச்சி-தஞ்சாவூர், நெல்லை-குமரி போல சேலமும் ஒரு தனி ஏரியா. கொல்லிமலை இருக்கும் நாமக்கல் 1997 ஜனவரி 1 அன்றுதான் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதற்கு முன்னும் பின்னும் இந்தப் பக்கத்துத் தியேட்டர்களுக்கும் டெண்ட் கொட்டகைகளுக்கும் படப்பெட்டி சேலத்திலிருந்தே வந்தது. ஆகவே ராசிபுரத்தில் ஓடிய படத்தின் தாளைச் சேலத்தில் தேடுங்கள். டி.ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த ஊர் அது. ஏற்காடு சாலையில் அதன் வளைவு இன்னும் நிற்கிறது. அங்கே வேலை பார்த்த குடும்பங்களின் பரண்களில் வேறு கம்பெனிப் படங்களின் தாள்களும் கலந்து கிடக்கும்.

பழைய பேப்பர் கடைக்குப் போவது நல்லதுதான், ஆனால் அது கடைசி இடம். அங்கே வரும்போது பாதி கிழிந்திருக்கும். முதலில் போகவேண்டியது ஆபரேட்டர்களிடம். மூடிய தியேட்டரில் முப்பது நாற்பது வருடம் புரொஜெக்டர் ஓட்டியவர்கள் எதையாவது வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருப்பார்கள். கார்பன் குச்சி மிச்சம், விளம்பர ஸ்லைடு, அறுந்த ஃபிலிம் துண்டு, ஸ்டில் போட்டோ. போனவுடன் விலை பேசாதீர்கள். "ஏனுங்க, நீங்க தியேட்டர்ல ரொம்ப நாள் இருந்தீங்களாமே, அந்தக் காலத்துல ராத்திரி ஆட்டத்துக்கு எந்தப் படத்துக்குங்க கூட்டம் பயந்துச்சு?" என்று கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்குவதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். எந்த ரீலில் யார் கத்தினார்கள், எந்தச் சத்தத்துக்குப் பெண்கள் பகுதியில் குழந்தை அழுதது என்பது ஆபரேட்டருக்குத்தான் தெரியும். திரையைப் பார்ப்பவர்களைப் பார்த்தவர் அவர் ஒருவரே. தாளுக்கு இன்னொரு பிரதி எங்காவது இருக்கலாம், அந்த நினைவுக்கு வேறு பிரதி இல்லை.

என்னென்ன தேடலாம்? பாட்டுப் புத்தகம் முதலில். பாட்டு குறைவான படங்களுக்கும் நாலு பக்கத்திலாவது அச்சடித்தார்கள், நடிகர் பட்டியலும் தொழில்நுட்பக் கலைஞர் பட்டியலும் அதில்தான் முழுதாக இருக்கும். பிறகு தியேட்டர் நோட்டீஸ், சுவரொட்டி, ஸ்டில், பத்திரிகை விளம்பரம், விமர்சனம் வந்த இதழ். ஃபிலிம் பிரதி கிடைக்கும் என்று எதிர்பார்க்கவேண்டாம். கறுப்பு வெள்ளைப் படத்தின் பிம்பமே வெள்ளித் துகளால் ஆனது. ஓடி முடிந்த பிரதிகளை எடைக்குப் போட்டு, வெள்ளியைப் பிரித்தெடுத்துக்கொண்டார்கள். நம் நாட்டில் அந்தத் தலைமுறைப் படங்கள் அழிந்ததற்குத் தீயைவிட இது பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

தாள் எந்தக் காலத்தது

இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். 1970இல் வந்த படத்தின் தாள் என்று ஒருவர் கொடுத்தால் அதிலுள்ள எழுத்துகளே பாதி உண்மையைச் சொல்லிவிடும்.

விலையைப் பாருங்கள். 1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா வந்தது. 1964 ஜூனில் 'நயா' என்ற அடைமொழி நீங்கி வெறும் பைசா ஆனது. 'நடு இரவில்' பாட்டுப் புத்தகத்தில் 'ந.பை.' என்று இருந்தால் சந்தேகப்படவேண்டும். முகவரியைப் பாருங்கள். ஆறு இலக்க பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்றுதான் வந்தது. 'சென்னை-600 002' என்று அச்சிட்ட தாள் படம் வெளியான நேரத்தது ஆக முடியாது, மறுவெளியீட்டுக்கு அடித்ததாக இருக்கலாம். 'சென்னை-2' என்பதுபோலச் சிறு எண் மட்டும் இருந்தால் நல்ல அறிகுறி. மாநிலத்தின் பெயர் 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு. அரசு அலுவலகம் எதையாவது குறிக்கும் இடத்தில் பழைய பெயர் இருந்தால் அச்சடித்த காலம் அதற்கு முந்தையதா என்று யோசிக்கலாம். முடித்து வைத்திருந்து பிறகு வெளியான படம் என்பதால் இந்தக் கேள்வி இங்கே முக்கியம்.

எல்லாவற்றையும்விட உறுதியானது எழுத்து வடிவம். ணை, லை, ளை, னை, ணா, றா, னா போன்றவற்றின் இன்றைய வடிவத்தை அரசு 1978இல்தான் ஏற்றது. அதற்கு முன் பொது அச்சகங்களில் துதிக்கை வைத்த பழைய ஐகாரமே புழக்கம். பாலசந்தர் பெயருக்கு முன் அச்சிடும் 'வீணை' என்ற சொல்லிலேயே இந்தச் சோதனை இருக்கிறது. அந்த 'ணை' இன்றைய வடிவில் இருந்தால் அந்தத் தாளுக்கு 1970 விலை கொடுக்காதீர்கள். பெரியாரின் 'விடுதலை' போன்ற சில ஏடுகள் 1930களிலிருந்தே சீர்திருத்த எழுத்தில் வந்தன என்பதையும் நினைவில் வையுங்கள், அந்த அச்சகங்களின் தாள்களுக்கு இந்த விதி பொருந்தாது. பழைய வடிவம் இருப்பது மட்டும் பழமைக்குச் சாட்சி ஆகாது. சில அச்சகங்கள் பழைய அச்செழுத்தை எண்பதுகளிலும் வைத்திருந்தன.

சுவரொட்டி என்றால் அடிவிளிம்பைப் பாருங்கள். சிவகாசி லித்தோ அச்சகத்தார் அங்கே தங்கள் பெயரைப் பொடி எழுத்தில் போடுவார்கள். மறுபதிப்பு அடிப்பவர்கள் பெரும்பாலும் அந்த விளிம்பை வெட்டிவிடுவார்கள். பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது மடிப்பின்மேல் மை உதிர்ந்திருக்கவேண்டும். மடிப்புக்கோடும் சேர்ந்தே அச்சாகியிருந்தால் அது படத்தின் படம். சுவரொட்டிக்குப் பின்னால் துணி ஒட்டியிருந்தால் அது குறையில்லை, யாரோ ஒருவர் அக்கறையாகக் காப்பாற்றியிருக்கிறார்.

ஈரம்

இனி மலைமேல் சேகரிப்பு வைத்திருப்பவர்களுக்கும், வைக்க நினைப்பவர்களுக்கும்.

கொல்லிமலையின் குளிர் சேகரிப்புக்கு நண்பன், ஈரம் எதிரி. நாமக்கல் சமவெளியில் இது தலைகீழ். ஃபிலிமுக்கும் தாளுக்கும் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. மழைக்காலத்தில் மலை வீட்டுக்குள் அது 80ஐ எளிதாகத் தாண்டும். பூஞ்சைக்கு அதற்கும் குறைவே போதும். இரண்டு வாரம் மூடுபனி விடாமல் நின்றால் வி.எச்.எஸ். கேசட்டின் சுருளில் வெள்ளைப் பொடி பூத்துவிடும். அந்த கேசட்டை பிளேயரில் போட்டால் பிளேயரின் தலையும் கெடும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டும் கெடும். பூஞ்சை பிடித்ததை முதலில் தனியாக எடுத்து வையுங்கள். வெயிலில் காயவைக்கிறேன் என்று மொட்டை மாடியில் பரப்பாதீர்கள்.

நான் சொல்லும் ஏற்பாடு செலவு குறைந்தது. அறைக்கு ஒரு ஈரப்பதமானி. ரப்பர் விளிம்போடு இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாக்கள். உள்ளே துணிப்பையில் சிலிக்கா ஜெல். நிறம் மாறும் வகையை வாங்குங்கள், நீலமாக இருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையைவிட ஆரஞ்சு வகை நல்லது, நீலத்தில் கோபால்ட் இருக்கிறது. நிறம் மாறியதும் அடுப்பின் மிதமான சூட்டில் உலர்த்தித் திரும்பப் போடலாம். டப்பாக்களைத் தரையிலும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்கவேண்டாம், நாலு விரல் இடைவெளி விடுங்கள். ஓலைச்சுவடிக்கு வைத்ததுபோல வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து தாள் டப்பாவில் போடலாம், பூச்சிக்கு நல்லது, ஈரத்துக்கு அதனால் பயனில்லை. பாச்சைக்குண்டு ஃபிலிமின் பக்கத்திலேயே வரக்கூடாது. பாட்டுப் புத்தகத்தின் துருப்பிடித்த பின்னை நிதானமாகக் கழற்றிவிட்டுப் பருத்தி நூலால் கட்டுங்கள். லேமினேட் செய்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். உள்ளே மாட்டிய ஈரமும் சூட்டில் உருகிய பசையும் சில ஆண்டுகளில் தாளைத் தின்றுவிடும், பிறகு பிரித்தெடுக்கவும் முடியாது.

ஃபிலிம் துண்டோ ரீலோ கையில் வந்தால் முதலில் முகர்ந்து பாருங்கள். 1970இன் பிரதிகள் அசிடேட் ஃபிலிமில் இருக்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் அது சிதைந்து அசிட்டிக் அமிலத்தை விடும், காடியின் நெடி அடிக்கும். தொடங்கிவிட்டால் அது தன்னைத்தானே வேகப்படுத்திக்கொள்ளும், பக்கத்து ரீலையும் பிடிக்கும். நெடி வந்ததைக் காற்றோட்டமுள்ள தனி இடத்துக்கு மாற்றுங்கள். 1950களின் தொடக்கத்துக்கு முந்தைய ஃபிலிம் என்றால் அது நைட்ரேட்டாக இருக்கக்கூடும். எளிதில் தீப்பிடிக்கும், தண்ணீரிலும் அணையாது. அதை வீட்டில் வைத்திருப்பது சேகரிப்பு ஆகாது, ஆபத்து.

ரீல் கிடைத்தால் எதையும் பிரித்துப் பார்க்காமல் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்துக்கு எழுதுங்கள். 1964இல் தொடங்கிய அந்தக் காப்பகத்தில் தமிழ்ப் படங்களுக்கு இடம் உண்டு. மும்பையின் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனும் ரீல்களைக் காக்கும் பயிற்சி தருகிறது. மலையிலிருந்து இறக்கும்போது பஸ் என்ஜின் பக்கம் வைக்காதீர்கள். குளிரிலிருந்து வெக்கைக்கு வந்ததும் டப்பாவைத் திறந்தால் பனி படியும். ஒரு நாள் முழுக்க மூடியபடி வைத்திருந்து பிறகு திறவுங்கள்.

பார்க்கும்போது

புதிய டிவிகள் பழைய படத்தை இழுத்து அகலமாக்கிக் காட்டும். அக்காலத்து நான்குக்கு மூன்று சட்டத்தை இழுத்தால் முகங்கள் உப்பிவிடும், பெரிதாக்கித் திரையை நிரப்பினால் கூரையும் தரையும் வெட்டுப்படும். திகில் இருப்பதே கூரை நிழலிலும் கதவோரத்திலும். அமைப்புக்குள் போய் சட்டத்தை மாற்றுங்கள். அசைவை மென்மையாக்கும் வசதியை அணையுங்கள். கறுப்பு சாம்பலாகத் தெரியாத அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்துவிடுங்கள். அறையில் வேறு விளக்கு வேண்டாம். ஹெட்போனைவிட ஸ்பீக்கர் நல்லது. பாலசந்தர் சத்தத்தை அறைக்குள் நிறுத்தத் தெரிந்தவர், மௌனத்தை எங்கே வைப்பதென்றும் தெரிந்தவர். வீணைக்காரரின் காது அது. கூட இரண்டு மூன்று பேராவது இருக்கட்டும், முடிந்தால் உறவினர்களாக. ஏன் என்று பார்க்கும்போது தெரியும்.

பொது இடத்தில் திரையிட நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம் சட்டப்படி திரைப்படத்தின் காப்புரிமை, வெளியான ஆண்டு முடிந்து அறுபது ஆண்டுகள். 'அந்த நாள்' 2014 இறுதியோடு பொதுச்சொத்தாகிவிட்டது. 'நடு இரவில்' 2030 டிசம்பர் வரை உரிமைக்கு உட்பட்டது. விடுதியிலோ மன்றத்திலோ காட்டவேண்டுமானால் உரிமையாளரைக் கண்டுபிடித்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

கூட வைக்கவேண்டிய படங்கள் என்று கேட்டால், 1963இன் 'நெஞ்சம் மறப்பதில்லை' கட்டாயம். ஸ்ரீதர் இயக்கியது, ஏ. வின்சென்ட் ஒளிப்பதிவு. வின்சென்ட் மறு ஆண்டே மலையாளத்தில் 'பார்கவி நிலையம்' இயக்கினார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு ஒளிப்பதிவாளர் இருட்டை எப்படிக் கற்றார் என்று தெரியும். 1980இல் பாலு மகேந்திராவின் 'மூடுபனி'. 1991இல் ஜி.எம். குமார் இயக்கி மோகன் நடித்த 'உருவம்'. இந்தக் கடைசிப் படத்தின் தாள்கள் இப்போதே அரிதாகிவருகின்றன. ஐம்பதுகளின் தாளுக்குக் கொடுக்கும் மதிப்பைத் தொண்ணூறுகளின் தாளுக்கு யாரும் கொடுப்பதில்லை, அதனால் அது இன்னும் வேகமாகக் குப்பைக்குப் போகிறது. இன்றைக்குத் தொடங்குகிறவர் அங்கிருந்து தொடங்கினால் நிறைய காப்பாற்றலாம்.

கடைசியாகப் பதிவு. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அட்டை எழுதுங்கள். என்ன பொருள், எங்கே, எப்போது, யாரிடம் கிடைத்தது, எந்த நிலையில் இருந்தது, நீங்கள் அதற்கு என்ன செய்தீர்கள். கொடுத்தவர் விரும்பாவிட்டால் பெயரை விட்டுவிட்டு ஊரையும் தொழிலையும் மட்டும் குறியுங்கள். படச்செய்தி சேகரிப்பதையே வாழ்க்கையாகக் கொண்ட ஃபிலிம் நியூஸ் ஆனந்தனின் திரட்டு தமிழக அரசின் கைக்குப் போனது. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் திரட்டு, அவர் மறைவுக்குப் பின் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாகி, இன்று பாட்டுப் புத்தகங்களையும் நோட்டீஸ்களையும் ஆய்வாளர்களுக்குத் தருகிறது. உங்கள் திரட்டு யாரிடம் போகவேண்டும் என்பதை நீங்கள் நன்றாக இருக்கும்போதே எழுதி, வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவையுங்கள். ஒரே பிரதி என்று தெரிந்த தாளை உடனே ஸ்கேன் செய்து, ஒரு நகலை அந்த நூலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். அசலை உங்களிடமே வைத்துக்கொள்ளலாம்.